கயலுக்கு: தாள் வெளியே வந்ததா?

அன்புள்ள கயல்,

தொலைபேசியில் நான் எதை ஆரம்பித்தாலும் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். எழுத்தில் அப்படித் தப்ப முடியாது. "இவ்வளவு நீளமாக எழுதினால் அவள் எங்கே படிக்கப் போகிறாள்?" என்கிறார் உன் அப்பா. படிப்பாய். இது நீ சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்ற விசாரணை இல்லை. பிரிண்டரைப் பற்றியது.

போன வாரம் உன் பேச்சில் ஒரு சுணக்கம் தெரிந்தது. வேலையில் உன்கூடச் சேர்ந்தவர்களில் ஒருத்திக்குச் செயற்கை நுண்ணறிவு, இன்னொருவனுக்கு கிளவுட், உனக்கு மட்டும் மருத்துவமனை மென்பொருளில் அச்சிடும் பகுதி. "நான்கு வருடம் படித்தது பிரிண்டரோடு மல்லுக்கட்டவா?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒரு பழைய சங்கதி சொல்கிறேன். 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் (ஆமாம், உன் தோழிக்குக் கிடைத்த அதே துறைதான்) ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் வேலை பார்த்தார். பிரிண்டர் எல்லாருக்கும் பொது. தாள் சிக்கினால் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் தெரியாது. எழுந்து போய்ப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். அதனால் அவர் பழைய பிரிண்டரின் நிரலில் கைவைத்து, தாள் சிக்கியதும் காத்திருப்பவர்கள் எல்லாருடைய திரைக்கும் செய்தி போகும்படி செய்திருந்தார். பிறகு ஜெராக்ஸின் புதிய லேசர் பிரிண்டர் வந்தது. அதன் மூலநிரல் (நிரலாளர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம்) அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அதனால் அந்த வசதியைச் சேர்க்க முடியவில்லை. அந்தக் கோபமும் ஒரு காரணமாக 1983இல், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். நீ தினமும் லினக்ஸில் தட்டுகிற கட்டளைகளில் பல அந்தத் திட்டத்தில் எழுதப்பட்டவை. ஆகையால் பிரிண்டர் வேலை கிடைத்ததற்காக யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசாதே.

உன் பிரச்சினைக்கு வருகிறேன். திரையில் 'அச்சிடப்பட்டது' என்று பச்சையாகக் காட்டுகிறது, ஆனால் பரிசோதனைக்கூடக் கவுன்டரில் இருக்கும் செவிலியர் தாள் வரவில்லை என்கிறார் என்றாய். நிரலில் பிழை எதுவும் தெரியவில்லை, நடந்ததை நிரல் எழுதிவைக்கிற லாக்கிலும் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. வேலையில் உன் மூத்தவர் விடையைச் சொல்லாமல், "9100இல் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பினாராமே. நல்ல மனிதர். அவரைப் பற்றி இனி என்னிடம் குறை சொல்லாதே.

எச்.பி. நிறுவனம் 1991இல் ஜெட்டைரக்ட் என்ற அட்டையைக் கொண்டுவந்து பிரிண்டரை நேரடியாக நெட்வொர்க்கில் மாட்ட வழி செய்தது. அதிலிருந்துதான் 9100ஆம் போர்ட் (நெட்வொர்க்கில் வருவதை வாங்கிக்கொள்ளும் எண்ணிட்ட வாசல்) வழக்கம் ஊரெங்கும் பரவியது. அதைப் போல எளிமையான ஏற்பாடு வேறில்லை. இணைப்பைத் திற, அச்சிட வேண்டியதை அப்படியே கொட்டு, இணைப்பை மூடு. யார் அனுப்புகிறார், எத்தனை பக்கம், எந்தத் தட்டிலிருந்து தாள் என்று அந்த ஏற்பாடு எதையும் கேட்பதில்லை. நெட்வொர்க்கில் தரவைக் கொண்டுசேர்க்கிற டி.சி.பி. உனக்குத் தருகிற ஒப்புதல், பைட்டுகள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன என்பதற்கு மட்டும்தான். தாள் தீர்ந்து பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றாலும், சிறிய அறிக்கையாக இருந்தால் அதன் நினைவகத்துக்குள் முழுதாகப் போய் உட்கார்ந்துவிடும். உங்கள் நிரல் இணைப்பை மூடிவிட்டுப் பச்சை விளக்கைப் போட்டுவிடுகிறது. அஞ்சல் பெட்டியில் கடிதத்தைப் போட்டதுமே பதில் வந்துவிட்டதாகக் கணக்கு எழுதுகிற மாதிரி. பிரிண்டரிடம் நிலவரம் கேட்க வழி இல்லாமல் இல்லை. எச்.பி. வகையறாக்களில் பி.ஜே.எல். என்ற பிரிண்டர் கட்டளையால் அதே இணைப்பில் கேட்கலாம், நெட்வொர்க் கருவிகளின் நிலையை விசாரிக்கிற எஸ்.என்.எம்.பி. என்றால் 161ஆம் போர்ட்டில் தாள், டோனர், மூடி என்று ஒவ்வொன்றாக விசாரிக்கலாம். உங்கள் நிரல் விசாரிக்கவே இல்லை என்பதுதான் விஷயம்.

நான் பல்கலைக்கழகக் கணினி மையத்தில் சேர்ந்த காலத்தில் 9100 எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. யூனிக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் இயந்திரம், அதோடு வரி வரியாக அச்சிடும் ஒரு லைன் பிரிண்டர், இரு ஓரமும் துளை போட்ட தொடர்தாள், வரிக்கு 132 எழுத்து. தேர்வு முடிவு வருகிற வாரத்தில் அது இரவும் பகலும் ஓடும். எங்கள் ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் கதவுக்கு வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். உள்ளே சத்தம் ஓர் இழை மாறினால் போதும், டம்ளரை அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டு ஓடுவார். தாள் ஒரு பக்கத் துளையிலிருந்து நழுவி, ஒரே வரியின் மேல் இருபது மாணவர்களின் மதிப்பெண் ஏறிக்கொண்டிருக்கும். கணினிக்கு அது தெரியாது. அதன் கணக்கில் இருபது பேருக்கும் அச்சாகிவிட்டது. அண்ணன் பிரிண்டரை நிறுத்தி, எந்தப் பதிவெண்ணோடு சேதம் ஆரம்பித்தது என்று பென்சிலால் வட்டம் போட்டு என் மேசைக்குக் கொண்டுவருவார். அங்கிருந்து மறுபடி ஓட்டுவது என் வேலை. அனுப்பியதற்கும் அச்சானதற்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை எனக்குக் காட்டியவர் அவர்தான், எந்தக் கையேடும் இல்லை.

நெட்வொர்க் வந்தபின் பெர்க்லி யூனிக்ஸ்காரர்களின் எல்.பி.டி. என்ற அச்சு முறையைப் பயன்படுத்தினோம். 515ஆம் போர்ட். 1990இல் ஆர்.எஃப்.சி. 1179 என்ற ஆவணமாக அதை எழுதிவைத்தார்கள். அதில் வரிசை உண்டு, யாருடைய வேலை எங்கே நிற்கிறது என்று கேட்கலாம், வேண்டாததை எடுத்துவிடலாம். அந்த ஆவணம் சிறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் படித்துவிடலாம், படி.

ஆனால் உனக்கு வேண்டிய மருந்து ஐ.பி.பி. என்ற இணைய அச்சு நெறிமுறையில் இருக்கிறது. 1999இல் முதல் பதிப்பு வந்தது, 631ஆம் போர்ட், வலைப்பக்கங்களைக் கொண்டுவருகிற எச்.டி.டி.பி.யின் முதுகில் ஏறிப் போகிறது. நீ கல்லூரியில் படித்த அதே போஸ்ட் கோரிக்கைதான். அச்சு வேலையைக் கொடுத்ததும் அது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண்ணைக் காட்டி "என் வேலை என்ன ஆயிற்று?" என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். பதிலும் எண்ணாகவே வரும். 3 என்றால் காத்திருக்கிறது, 5 என்றால் நடக்கிறது, 6 என்றால் நின்றுபோயிருக்கிறது, 8 என்றால் பாதியில் கைவிடப்பட்டது, 9 என்றால் முடிந்தது. கூடவே பிரிண்டர் தன் நிலைக்கான காரணத்தையும் சொல்லும்: தாள் இல்லை, தாள் சிக்கிவிட்டது, மூடி திறந்திருக்கிறது. அன்று ஸ்டால்மன் தாமே எழுதிச் சேர்த்துக்கொண்ட வசதி, இன்று எல்லாருக்கும் பொதுவான இலக்கணமாகக் கிடைக்கிறது.

அந்த 9ஐயும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. நடுவில் கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் ஓடும் ஒரு சர்வர் இருந்து, அது பிரிண்டருக்கு 9100 வழியாகத் தள்ளினால், 9 என்பது பெரும்பாலும் "நான் தள்ளிவிட்டேன்" என்று அந்த சர்வர் சொல்வதுதான். பிரிண்டரே சொல்கிறதா, அதற்கு முன்னால் நிற்பவர் சொல்கிறாரா என்று முதலில் பார். உன் மூத்தவர் அடுத்து இதைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். கேட்டால் எனக்கு ஒரு வரி எழுது.

தாள் வராததற்கு நிரலுக்கு வெளியேயும் காரணம் இருக்கலாம். மின்சாரம் போய் வந்தபின் நெட்வொர்க்கில் முகவரி பங்கிடுகிற டி.எச்.சி.பி. அந்தப் பிரிண்டருக்கு வேறு ஐ.பி. முகவரி கொடுத்திருக்கலாம். பழைய முகவரி கணக்குப் பிரிவின் பிரிண்டருக்குப் போயிருந்தால், யாருடைய இரத்தப் பரிசோதனை முடிவோ அங்கே வந்து விழும். முகவரியைப் பிரிண்டரின் மேக் எண்ணோடு (கருவிக்கே உரிய அடையாள எண்) கட்டிப்போடச் சொல். இன்னொன்று தாளின் அளவு. எங்கோ ஓர் ஆயத்த நிரல் நூலகம் தன்னிச்சையாக லெட்டர் அளவு என்று வைத்துக்கொள்ளும். அது அமெரிக்க வழக்கம், 216க்கு 279 மி.மீ.; நம் ஏ4 210க்கு 297. சில பிரிண்டர்கள் சுருக்கி அச்சிட்டுவிடும். சில பிடிவாதமாக லெட்டர் தாளுக்காகக் காத்துக்கிடக்கும். சென்னையில் எந்தக் கடையில் போய் அதை வாங்குவாய்?

டோக்கன் சீட்டில் நோயாளிகளின் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக வருகிறது என்றும் சொன்னாய். இதில் எனக்கு அரை ஆயுள் அனுபவம். அந்தக் காலத்தில் ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள்தான் எங்களுக்கு. திரையில் அழகாக இருக்கும். அந்த எழுத்துரு போய்ச் சேராத பிரிண்டரில் பெயர் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாக வரும். 2010இல் தமிழக அரசு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தருகிற யூனிகோடை ஏற்றபின் தரவில் தலைவலி குறைந்தது. ஆனால் கவுன்டரில் இருக்கிற சின்ன வெப்ப அச்சுப் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. அதன் எழுத்துப் பட்டியலில் பெரும்பாலும் ஐரோப்பிய எழுத்துகள்தான், மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு கிழக்காசிய மொழிகள் இருக்கும். தமிழ் எழுத்து இருந்தாலும் போதாது. 'கோகிலா' என்ற பெயரில் முதல் எழுத்துக்குக் கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். தரவிலோ க முதலில், குறி அடுத்து. ஒவ்வொன்றாக அடுக்கினால் கோகிலா சிதைந்துபோவாள்.

ஆகவே எழுத்துகளைக் கணினியிலேயே கோத்து, வரியைப் படமாக வரைந்து, புள்ளிகளாக அனுப்பு. 80 மி.மீ. சுருளில் பொதுவாக அச்சாகிற அகலம் 72 மி.மீ., மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆக வரிக்கு 576 புள்ளி. எழுத்தாக அனுப்புவதைவிடச் சற்று நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். டோக்கன் எண்ணை மட்டும் எழுத்தாக அனுப்பிவிட்டுப் பெயரைப் படமாக அனுப்பினால் வேகம் பெரிதாகக் குறையாது. தன் பெயரை ஒழுங்காகப் படிக்க முடியாத சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழவி வரிசையில் நிற்பதைவிட அரை விநாடி தாமதம் பெரிதில்லை. ஆங்கிலத்திலேயே பெயரைப் போட்டால் போகிறது என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், நீ அதற்குத் தலையாட்டாதே.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, உங்கள் ஆட்கள் பாடம் நடத்துவார்கள். 9100 கடவுச்சொல் கேட்பதில்லை என்பதை மட்டும் மறக்காதே. 2018 நவம்பரில் ஒருவர், இணையத்தைப் பார்க்கத் திறந்துகிடந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு ஒரு யூடியூப் சேனலுக்கு ஆதரவு கேட்டுத் துண்டறிக்கை அனுப்பிவிட்டார். ஐம்பதாயிரம் பிரிண்டர்கள் என்று அவரே பெருமையடித்துக்கொண்டார். அதைக் கேட்டுச் சிரிக்கலாம். 2021இல் விண்டோஸின் அச்சு வரிசைச் சேவையில் வெளிப்பட்ட 'பிரிண்ட் நைட்மேர்' ஓட்டை சிரிக்கிற விஷயம் இல்லை. அதன் வழியே நுழைந்தவர் அந்தக் கணினியையே தன் வசமாக்கிக்கொள்ள முடிந்தது. மருத்துவமனையில் அச்சாவது பெயரும் நோயும். அறிக்கை தட்டில் கேட்பாரற்றுக் கிடக்காமல், உரியவர் வந்து அட்டையைக் காட்டினால்தான் வெளியே வரும்படி ஒரு முறை உண்டு. அதைப் பற்றிக் கேட்டுப் பார்.

உன் நாட்களைப் பற்றி நீ சொல்வதில் எனக்குப் பிடித்தது, காலையில் எல்லாரும் நின்றபடியே நடத்துகிற அந்தக் கூட்டம். நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன, எங்கே தடை என்று மூன்றே கேள்வி. எங்கள் காலத்தில் உட்கார்ந்து நடத்தினோம், அதனால்தான் முடியவே முடியாது. ஆனால் அங்கே நிற்பதற்காகக் காலை உணவை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு ஓடாதே. விடுதி இட்லி கல்லாக இருந்தால் வாழைப்பழமாவது சாப்பிட்டுப் போ. (சாப்பாட்டைப் பற்றி இல்லை என்றேன். இந்த ஒன்று மட்டும்.) உதவித்தொகையில் எனக்குப் புடவை வாங்க வேண்டாம். நல்ல காலணி வாங்கிக்கொள், அந்த மருத்துவமனையில் நடக்க வேண்டியிருக்கும்.

நடக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஒரு நாள் காலை அனுமதி வாங்கிக்கொண்டு அந்தக் கவுன்டருக்குப் பின்னால் போய் நில். செவிலியர் தாள் வரவில்லை என்றால் முதலில் எதைத் தொடுகிறார் என்று பார். அநேகமாக மறுபடியும் பொத்தானை அழுத்துவார். பிறகு தாள் வைத்ததும் ஒரே அறிக்கை நான்கு பிரதி வரும். உங்கள் லாக்கில் அது நான்கு வெற்றி. தாள் சிக்கினால் எப்படி எடுப்பது என்று அங்கே இருக்கிற அட்டென்டரிடம் கேட்டுக் கற்றுக்கொள். தாள் போகிற திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும், இரண்டு கையாலும். துணியில் டோனர் பட்டால் உதறிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அலசு. வெந்நீர் கூடாது, அது பிளாஸ்டிக் தூள், சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும்.

இதெல்லாம் முடிந்தபின் எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஐ.பி.பி.க்கு மாறிவிட்டீர்கள், பிரிண்டர் 6 என்று சொல்கிறது, காரணம் தாள் இல்லை. உங்கள் திரை அந்தச் செவிலியருக்கு என்ன காட்டும்? 'பிழை 6' என்று காட்டினால் அவர் பொத்தானைத்தான் அழுத்துவார். 'இரண்டாம் தட்டில் தாள் இல்லை. வைத்ததும் தானே அச்சாகும். மறுபடி அழுத்த வேண்டாம்' என்று வர வேண்டும் என்பது என் கட்சி. அதை உன் மூத்தவரிடம் சொல்லிப் பார். அவர் வேறு வார்த்தை சொன்னால் அதையும் காரணத்தையும் எழுது. அப்பா சனிக்கிழமை பார்சல் அனுப்புகிறார். முறுக்கு மேலே இருக்கும், அடியில் பருப்புப் பொடி.

அன்புடன்,
அம்மா