அந்தோணிக்கு, பெரம்பூரிலிருந்து

அன்புள்ள அந்தோணி,

கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்குக் கனடாவில் வேலை, மகளும் பேரனும் கூடவே கிளம்புகிறார்கள் என்பது நல்ல சேதிதான், ஆனால் நீ எழுதிய விதத்தில் பாதி சந்தோஷம்தான் தெரிந்தது. அவர்கள் போன பிறகு பொன்மலை வீட்டில் நீயும் ஸ்டெல்லாவும் மட்டும் எதற்கு, கோயம்புத்தூர் பக்கம் பெரியவர்களுக்கென்றே கட்டுகிற குடியிருப்பில் ஒரு வீடு வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். மகள் அட்வான்ஸ் கட்டவே தயாராக இருக்கிறாள் என்று வேறு. சரியான ஆளிடம்தான் கேட்டாய் போ. இந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான்.

முதலில் ஊர்ச் சேதி. மெட்ரோ வேலைக்காக மூலக்கடை, செம்பியம், பெரம்பூர் மார்க்கெட் என்று வரிசையாகத் தோண்டி, தடுப்பு வைத்து, பஸ்ஸை எல்லாம் சுற்றி விட்டு, வயசானவன் காலாற நடக்க இடமில்லாமல் போய்விட்டது. முடிந்ததும் நன்றாகத்தான் இருக்கும், அதுவரைக்கும் தூசிதான். வசந்தாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. நம் வீடு மாடி, உனக்குத் தெரியும். படி இறங்குவதற்கு யோசித்து யோசித்து, இப்போது ஞாயிற்றுக்கிழமை தவிர கீழே வருவதே இல்லை. பையன் பெங்களூரில் எங்களுக்கென்று ஒரு அறை ஒதுக்கித்தான் வைத்திருக்கிறான். ஒரு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் அவர்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்.

அதனால் நாங்கள் போய்ப் பார்த்தோம். கேளம்பாக்கம் பக்கம் ஒன்று, வடவள்ளி தாண்டி ஒன்று. கோவைக்கு வந்தே பாரத்தில் போனோம். நாம் ரிடையர் ஆகி வெளியே வந்த பிறகு 2018-ல் நம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. உட்கார்ந்ததும் ஜன்னல் ஓரத்து வெல்டிங்கைத் தடவிப் பார்த்தேன், வசந்தா தலையில் அடித்துக்கொண்டாள். நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், பசங்க.

குடியிருப்பைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் குறை சொல்கிற ஆள் என்று நீ முன்கூட்டியே முடிவு கட்டியிருப்பாய். குளியலறையில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, சக்கர நாற்காலி நுழைகிற அளவுக்கு அகலமான கதவு, கட்டில் பக்கத்தில் ஒரு பொத்தான், அமுக்கினால் நர்ஸ் வருகிறாள். லிஃப்டில் ஸ்ட்ரெச்சரைப் படுக்க வைத்தே இறக்கலாம். போன வருஷம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரை மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி இறக்கினோம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதைப் பார்த்தவனுக்கு அந்த லிஃப்டின் அருமை புரியும். மோட்டார் ரிப்பேர், குழாய் ஒழுகல், கரண்ட் பில், தண்ணி லாரிக்குக் காத்திருப்பது எதுவும் நம் தலையில் இல்லை. ராத்திரி கேட்டில் ஆள் இருக்கிறான். பெரியவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் திருட்டு என்று பேப்பரில் படித்துப் படித்து வசந்தா கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள், அந்தப் பயம் அங்கே இல்லை.

இனி எனக்கு ஒட்டாதது. முதலாவது சாப்பாடு. சிரிக்காதே. நாங்கள் பார்த்த இரண்டு இடத்திலும் சமையலறை சுத்த சைவம். ஒன்றில் அவரவர் வீட்டு அடுப்பில்கூட மீன் வைக்கக் கூடாது என்று விதி, பக்கத்து வீட்டுக்காரருக்கு வாசனை ஆகாதாம். காசிமேட்டில் விடியற்காலை போய்ச் சங்கரா வாங்கிவந்து தின்று வளர்ந்தவன் நான், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்கூடக் கருவாடு போட்டுத்தான் சமாளிக்கிறோம். இந்த வயசில் டாக்டர் சொன்னால் விடலாம், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி விடுவதா? உன் வீட்டுக் கிறிஸ்துமஸை நினைத்துப் பார். பிரியாணி இல்லாமல் ஸ்டெல்லா விடுவாளா? சாப்பாட்டு நேரமும் அப்படித்தான். ராத்திரி ஏழு மணிக்குக் கூடத்தில் மணி அடித்துவிடுகிறார்கள், நம் ஷாப் சைரன் மாதிரி. சைரனுக்கு ஓடி ஓடித்தானே ரிடையர் ஆனோம்.

இரண்டாவது, இதை உனக்கு மட்டும் சொல்கிறேன், அங்கே இருக்கிறவர்கள் பெரும்பாலும் வேறு தினுசு. பேச ஆரம்பித்ததும் முதல் கேள்வி "எங்கே ஆபீசரா இருந்தீங்க?" இரண்டாவது "பசங்க அமெரிக்காவா?" ரயில் பெட்டியின் கூடு கட்டுகிற ஷெல் டிவிஷனில் டெக்னீஷியன் என்றேன். கேட்டவர் நல்ல மனுஷர்தான், உடனே ரயிலைப் பற்றி மரியாதையாகப் பேசினார், ஆனால் அதற்கப்புறம் கூடத்தில் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஒருவேளை நானே அதிகமாக நினைக்கிறேனோ என்னவோ. இங்கே கல் பெஞ்சில் உட்கார்ந்தால் மீன் வண்டிக்காரன் முதல் ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் வரை வந்து அரட்டை அடிக்கிறான், சாயங்காலம் சின்னப் பசங்க பந்தை நம் தலையில் அடிக்கிறான்கள், திட்டுகிறோம். அங்கே திட்டுவதற்குக்கூட ஒரு சின்னப் பையன் இல்லை. எல்லாரும் நம் வயசு. நோட்டீஸ் போர்டில் யோகா வகுப்புக்குப் பக்கத்திலேயே இறந்தவர் பெயர்.

மூன்றாவது, ஆஸ்பத்திரி. இதை நீ யோசிக்காமல் விட்டுவிட்டாய் என்று உன் கடிதத்திலேயே தெரிகிறது. நாம் ரிடையரான ரயில்வேக்காரர்களுக்கான ஆர்.இ.எல்.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் பணம் கட்டி, அதற்கான உமீத் கார்டு வைத்திருக்கிற ஆட்கள். உனக்குப் பொன்மலையில் ரயில்வே ஆஸ்பத்திரி, எனக்குக் கூப்பிடு தூரத்தில் பெரம்பூர். 1975-லேயே டாக்டர் செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய பைபாஸ் ஆபரேஷனைச் செய்த இடம் அது. எனக்கு ஸ்டென்ட் வைத்ததும் அங்கேதான், கையிலிருந்து காசு போகவில்லை. அந்தக் குடியிருப்புகளில் தனியார் ஆஸ்பத்திரியோடு ஏற்பாடு இருக்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது, எல்லாம் சரி, பில் யார் கட்டுவது? போகிற இடத்தில் நம் கார்டு எந்த ஆஸ்பத்திரியில் செல்லும், ரெஃபர் யார் செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் பெட்டியைக் கட்டாதே.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீடு 50 லட்சம் என்று வைத்துக்கொள். அதில் 30 லட்சத்தைத் தபால் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போட்டால் 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், மாதக் கணக்கில் 20,500. வாங்கினால் அந்த வட்டி போச்சு, அதற்கு மேல் மெயின்டெனன்ஸ், சாப்பாடு. எங்களுக்கு இரண்டு பேருக்குச் சேர்த்து மாதம் 35 ஆயிரம் பக்கம் சொன்னார்கள், வருஷா வருஷம் ஏறும் என்பதைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். ஜி.எஸ்.டி. வேறு. குடியிருப்போர் சங்கம் வசூலித்தால் ஆளுக்கு மாதம் 7,500 வரை விலக்கு உண்டு, கம்பெனியே நடத்தினால் அந்த விலக்கு கிடையாது, 18 சதவீதம். விற்பதும் லேசில்லை. வாங்கிக் குடிவருகிறவனுக்கும் 55 அல்லது 60 வயசு ஆகியிருக்க வேண்டும் என்பது அநேக இடங்களில் விதி. உன் மகளுக்கு வாரிசாக வீடு போய்ச் சேரும், ஆனால் அந்த வயசு ஆகும் வரை அவள் அதில் குடியிருக்க முடியாது.

ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கட்டாயம் பார். ஆனால் அந்த 2016 சட்டம் கட்டிடத்துக்குத்தான் காவல், சொன்ன தேதியில் சாவி வராவிட்டால் கேட்கலாம். சாம்பாரில் பருப்பு குறைந்தால், நர்ஸ் ராத்திரியில் வராவிட்டால் யாரைக் கேட்பது? மத்திய அரசு 2019-ல் இந்த மாதிரிக் குடியிருப்புகளுக்கென்று மாதிரி வழிகாட்டுதல் போட்டது. கட்டுகிறவர், பராமரிப்பு நடத்துகிறவர், வாங்குகிறவர் மூன்று பேரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்று அதில் இருக்கிறது. வழிகாட்டுதல்தானே, சட்டம் இல்லை. ஆனாலும் நீ அந்த மூன்று பேர் ஒப்பந்தத்தைக் கேள். முகம் மாறினால் அங்கிருந்து கிளம்பிவிடு.

இவ்வளவும் என் கணக்கு. வசந்தாவின் கணக்கு வேறு. வடவள்ளியில் நான் கம்பி, லிஃப்ட், பத்திரம் என்று சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள், அங்கிருந்த பெண்களிடம் கேட்டுக்கேட்டு எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். திரும்பி வரும்போது வண்டியில் சொன்னாள்: "உங்களுக்கு அறுபதில் ரிடையர்மென்ட், மாலை போட்டு, வாட்ச் கொடுத்து, வேனில் கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு இன்னும் ஷிப்ட் முடியவில்லை." எனக்குப் பதில் வரவில்லை. காலையில் காபியில் ஆரம்பித்து ராத்திரி பாத்திரம் கவிழ்க்கிற வரை, முட்டி வலியோடு நின்றுகொண்டே, ஞாயிற்றுக்கிழமையானால் மீன் கழுவுகிற வேலை கூடுதல். நான் சங்கராவுக்காக வாதாடுகிறேன், அதைச் செதில் எடுப்பது யார்? அங்கே இருந்த ஒரு அம்மா சொன்னாராம், முதல் மாதம் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் பரிமாறுகிறார்களே என்று கூச்சமாக இருந்தது, இப்போது யாராவது வீட்டில் சமைக்கச் சொன்னால் கோபம் வருகிறது என்று.

இன்னொன்றும் கேட்டு வந்தாள். நான் கேட்டிருக்கவே மாட்டேன். இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கு என்ன ஆகும்? அங்கே பாதி வீடுகளில் பெண்கள் தனியாக இருக்கிறார்களாம். மெயின்டெனன்ஸ் பாதியாகாது, வீடு அதே வீடுதானே, சாப்பாட்டுக் காசு மட்டும் குறையும். புருஷன் பேரில் மட்டும் பத்திரம் இருந்ததால் ஒரு அம்மா வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்த கதையையும் சொன்னாள். படுக்கையில் விழுந்தால் தனிப் பிரிவுக்கு மாற்றுவார்கள், அதற்குத் தனிக் கட்டணம். மறதி நோய் முற்றினால் சில இடங்களில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், பிள்ளைகள் வந்து கூட்டிப்போக வேண்டும். கனடாவிலிருந்தா? நீயும் நானும் இப்போது நடமாடுகிறோம், நமக்காக இடம் பார்த்தால் டீக்கடை தூரமா, சைவமா என்றுதான் பார்ப்போம். தனியாக நிற்கப் போகிறவருக்காகப் பார்த்தால் கேள்வியே வேறு. கணக்குப்படி அது பெரும்பாலும் நம் பெண்டாட்டிகள்தான், நாம் இல்லை.

அதனால் நாங்கள் ஒரு மாதிரி முடிவுக்கு வந்திருக்கிறோம். வாங்கப் போவதில்லை. பெரம்பூர் வீட்டை விற்கவும் போவதில்லை. வடவள்ளியில் வாடகைக்கும் கொடுக்கிறார்கள், மழைக்காலம் முழுக்க அங்கே இருந்து பார்க்கப் போகிறோம். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணி நின்று மாடியிலேயே அடைந்து கிடந்தது போதும் என்று வசந்தா மழைக்காலத்தைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டு அடுப்பில் மீனுக்குத் தடை இல்லாத இடம் அது ஒன்றுதான், வாரத்துக்கு ஒருநாள் நானே செதில் எடுத்துக் குழம்பு வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். எனக்கு முழு மனசு இல்லை, மறைக்கவில்லை. அந்த ஆபீசர் கூட்டத்தில் என்னால் எத்தனை நாள் முடியும் என்று தெரியவில்லை. ஆனால் காலில் தெம்பு இருக்கும்போதே போய்ப் பழக வேண்டும், தூக்கிக்கொண்டு போய் விட்டால் யாரும் நமக்குச் சிநேகிதம் ஆக மாட்டார்கள்.

உனக்கும் அதையே சொல்கிறேன். முதலில் வாடகை. பொன்மலை வீட்டை மகள் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாயே, அவசரமே இல்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் உங்கள் இருவரையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடச் சொல். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, கவனிக்காவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்து ரத்து செய்யலாம், ஆனால் நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் இழுபறி. மகள் தங்கமான பெண், எனக்குத் தெரியாதா, நான் அவளைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 11 பெரம்பூர் லூர்து மாதா திருவிழாவுக்கு எப்படியும் வருவாய்தானே? அப்போது நாங்கள் திரும்பியிருப்போம், உள்ளே இருந்து பார்த்ததை நேரில் சொல்கிறேன். அந்தக் கம்பெனிக்காரன் கொடுத்த ஒப்பந்த நகலை எடுத்து வா, சின்ன எழுத்தை வசந்தா படிப்பாள், அவளுக்கு இப்போது அது நன்றாகப் பழகிவிட்டது. உன் கடிதத்தில் மகள் சொன்னது இருக்கிறது, மாப்பிள்ளை சொன்னது இருக்கிறது, ஸ்டெல்லா என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லையடா. கேட்டு எழுது. அதற்கு முன்னால் அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
மோகன்