முடங்கிய பிறகு தெரிந்துகொள்வது போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு முடிவு வெளியாகும் காலையிலும், விண்ணப்பிக்கக் கடைசி நாளின் மாலையிலும் அரசு இணையதளங்கள் திணறுவது வாடிக்கையாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் 'சர்வர் கோளாறு' என்ற விளக்கமும், கூடுதல் சர்வர்கள் சேர்க்கப்படும் என்ற உறுதியும் தரப்படுகின்றன. இணையச் செயலிகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: செயலியின் வேகத்தை உள்ளிருந்து அளக்கும் கண்காணிப்பு ஏற்பாடு இல்லாமல், எந்தச் சேவையையும் மக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துவிடக் கூடாது.

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்டபோது, முதல் நாளில் 6 பேர் மட்டுமே பதிவை முடிக்க முடிந்தது. அதைச் சீர்செய்ய அழைக்கப்பட்ட பொறியாளர்கள் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று, கண்காணிப்பு மென்பொருளைப் பொருத்தியது. எங்கே நேரம் வீணாகிறது என்பது தெரிந்த பிறகுதான் திருத்தங்கள் பலன் தந்தன. இணையதளம் பதில் தர எடுத்துக்கொள்ளும் மறுமொழி நேரம், சராசரியாக 8 விநாடியாக இருந்தது, டிசம்பர் தொடக்கத்தில் 1 விநாடிக்கும் கீழே இறங்கியது.

கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, மாறிவிட்டால் இந்தக் கவலை தீர்ந்துவிடும் என்று பல அலுவலகங்கள் நம்புகின்றன. கிளவுட் நிறுவனம் தன் இயந்திரங்களுக்குத்தான் பொறுப்பேற்கிறது. அவற்றின் மேல் நாம் ஏற்றிய நிரலுக்கு அல்ல. சர்வரின் கணக்கிடும் பகுதியான சிபியுவின் பயன்பாடு 30 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கும் அதே நேரத்தில், தகவல்களைச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தின் இணைப்பு கிடைக்காமல் பயனர்களின் ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் வரிசையில் நிற்கக்கூடும். ஓடிபி அனுப்பும் வெளிச் சேவை தாமதிப்பதால் உள்நுழையும் பக்கமே உறைந்து நிற்கக்கூடும். இயந்திரத்தை மட்டும் பார்க்கும் கண்காணிப்புத் திரையில் அப்போதும் எல்லாம் பச்சையாகவே இருக்கும். அந்த நிலையில் சர்வர்களைக் கூட்டினால் தரவுத்தளத்தின் மீது சுமை ஏறி, நிலைமை மோசமாகவும் செய்யலாம்.

சராசரியைக் காட்டித் திருப்தி அடைவதும் தவறு. நூறு கோரிக்கைகளில் 95 அரை விநாடியிலும், மீதி 5 இருபது விநாடியிலும் முடிந்தால் சராசரி ஏறத்தாழ ஒன்றரை விநாடிதான் வரும். அந்த ஐந்து பேர் காத்திருந்து வெளியேறியது அதில் தெரியாது. ஆகவே, நூற்றுக்கு 99 கோரிக்கைகள் எத்தனை விநாடிக்குள் முடிகின்றன என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

இதற்கான கருவிகள் எட்டாத விலையில் இல்லை. 2019-இல் உருவான ஓப்பன்டெலிமெட்ரி கட்டற்ற மென்பொருள். ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் எழுதப்பட்ட செயலிகளில், நிரலைப் பெரிதாக மாற்றாமலே அதை இணைக்கலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் தந்து, தரவுத்தளம் வரை அது எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்றது என்பதை அது பதிவு செய்யும். எல்லாப் பதிவுகளையும் சேமித்தால் செலவு கூடும் என்பது உண்மை. பிழையானவற்றையும் தாமதமானவற்றையும் முழுமையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் ஒரு பகுதியை மட்டும் வைத்தால் போதும். ஆதார் எண், கைபேசி எண் போன்றவை இப்பதிவுகளுக்குள் நுழையாதபடி தொடக்கத்திலேயே தடுப்பது மிக அவசியம். பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

உள்ளிருந்து அளப்பதோடு, வெளியிலிருந்தும் நிமிடத்துக்கு ஒரு முறை, சோதனைக் கணக்கின் மூலம் உள்நுழைவது முதல் விண்ணப்பம் சமர்ப்பிப்பது வரை தானாகச் செய்து பார்க்க வேண்டும். மறுமொழி நேரமோ பிழை விகிதமோ வரம்பைத் தாண்டினால், நள்ளிரவானாலும் பொறுப்பில் உள்ள ஒருவரின் கைபேசி ஒலிக்க வேண்டும். பெயருக்குப் பொதுவான மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பப்படும் எச்சரிக்கையை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

எனவே, இணையச் சேவைகளுக்கான ஒப்பந்தப்புள்ளிகளில் மறுமொழி நேரத்தின் வரம்பையும் கண்காணிப்பு ஏற்பாட்டையும் கட்டாய நிபந்தனைகளாகச் சேர்க்குமாறும், ஒவ்வொரு துறையும் தன் இணையதளத்தின் அன்றைய நிலையை மக்கள் பார்க்கும்படி வெளியிடுமாறும் தங்கள் நாளிதழ் வாயிலாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
சென்னை