ஆட்டக்காரிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்

தேரா, துபாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார்களா? பணம் அனுப்பியிருக்கிறேன், தங்கச்சியின் கணக்கில் ஏறியிருக்கும்.

தங்கச்சி போனில் விஷயத்தைச் சொன்னாள். லீவில் ஊருக்கு வந்த யாரோ டீக்கடையில் உட்கார்ந்து, "நாயன வித்வான் மகன் துபாயில் தொப்புள் ஆட்டம் ஆடுற இடத்துல இருக்கான்" என்று சொல்லி, அது உங்கள் காது வரைக்கும் வந்துவிட்டதாம். அதிலிருந்து நான் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. சரி, எடுத்தாலும் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் பாதியில் மடித்து வைத்தாலும் கோபம் ஆறியபிறகு மிச்சத்தைப் படிக்கலாம் இல்லையா, அதனால்தான் எழுதுகிறேன்.

சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஹோட்டலில் கீழ்த்தளம் முழுக்க லெபனான் சாப்பாட்டுக் கடை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அங்கே கச்சேரியும் ஆட்டமும். மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து மைக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆட்டக்காரியைப் பற்றி ஊரில் வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. அவளுக்குப் பின்னால் அரைவட்டமாக உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைப் பற்றி அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். நான் ராத்திரி முழுக்கக் காதில் வாங்குவது அவர்களைத்தான்.

முதலில் தப்லாக்காரர். நம் தபேலா இல்லை, அப்பா. குடுவை மாதிரி அடி திறந்த ஒற்றை முகத் தாளவாத்தியம். தொடைமேல் படுக்க வைத்து இரண்டு கையாலும் வாசிப்பார்கள். தர்புக்கா என்றும் சொல்வார்கள். இப்போது எல்லாரும் அலுமினிய உடம்பும் பிளாஸ்டிக் முகமுமாக வைத்திருக்கிறார்கள், இவரிடமும் அது உண்டு. ஆனால் பை நிறையத் துணி சுற்றி இன்னொன்று எடுத்து வருவார். மண்ணில் சுட்டது, முகத்தில் மீன்தோல். இந்த ஊர் கடற்காற்றில் தோல் தொய்ந்துபோகும். அதனால் உள்ளே ஒரு சின்ன குண்டு பல்பை எரியவிட்டு, மேடை ஏறும்வரை சூடேற்றிக்கொண்டே இருப்பார். நடுவிரலால் தட்டிப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், மறுபடி பல்பு. வார்பிடித்து முடித்தபிறகும் திருப்தி இல்லாமல் தவிலைத் தட்டிக்கொண்டே இருக்கும் மாமா ஞாபகம்தான் வரும். அந்த மண் தப்லாவுக்கு அடித் துவாரத்தில் ஒரு மைக், முகத்துக்கு நேரே ஒரு மைக் வைக்கிறேன். கனத்த அடிக்கு 'தும்', ஓரத்து அடிக்கு 'தக்'. அவர்கள் சொல்லும் சொல்லே அதுதான், நாம் சொல்கட்டு சொல்வதைப் போலவே வாயால் சொல்லித்தான் பையன்களுக்குப் பாடம்.

நீங்கள் தாளத்தில் கணக்குக் கேட்பீர்கள், சொல்கிறேன். மக்ஸூம் என்று ஒன்று, எல்லா ஆட்டத்துக்கும் அடிப்படை: தும் தக் . தக் தும் . தக் . என்று எட்டு இடம், புள்ளி வைத்தது சும்மா விடும் இடம். இதில் நாலாவது இடத்துத் தக்கை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு தும் போட்டால் ஸயீதி. மாறியது ஒரே ஒரு அடி. ஆனால் அது விழுந்த மறுநொடி எகிப்துக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் மேஜை எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம், கைதட்டல் அங்கிருந்துதான் வரும். ஸயீதி என்பது மேல் எகிப்து, அதாவது தெற்கு எகிப்தின் தாளம், கைத்தடி சுழற்றி ஆடுவதற்கானது. ஆட்டக்காரியும் அப்போது தடியைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

தப்லாவுக்குப் பக்கத்தில் ரிக், நம் கஞ்சிரா மாதிரி, ஆனால் ஐந்து இடத்தில் இரட்டை ஜோடித் தட்டுகள். அப்புறம் குட்டைக் கழுத்துத் தந்தி வாத்தியமான ஊத், நாணல் புல்லாங்குழலான நை, வயலின். வயலினை அவர்கள் ஸா பா ஸா பா என்று சேர்ப்பதைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர் மேடையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பிடிப்பது மட்டும் வெள்ளைக்காரர் மாதிரி, தோளில்.

எல்லாரையும் விட எனக்குப் பிடித்தவர் கானூன்காரர். அறுபதைத் தாண்டியவர், கெய்ரோ ஆள். கானூன் என்பது மடியில் வைக்கிற தட்டைப் பெட்டி. ஒரு சுரத்துக்கு மூன்று தந்தி என்று 26 வரிசை, மொத்தம் 78 தந்தி. எட்டு மணிக்கே வந்து சுருதி சேர்க்க உட்கார்ந்துவிடுவார், சாப்பிட வந்தவர்கள் ஸ்பூன் சத்தத்துக்கு நடுவில். இரண்டு ஆட்காட்டி விரலிலும் மோதிரம் மாதிரி ஒரு வளையம், அதற்குள் மீட்டுகோல் செருகியிருக்கும். இடதுபக்கம் தந்திகளுக்கு அடியில் சின்னச் சின்னப் பித்தளை நாக்குகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைத் தூக்கினால் சுரம் ஏறும், படுக்க வைத்தால் இறங்கும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடதுகை ஒரு நொடி ஓடிப்போய் இரண்டு நாக்கைத் தட்டிவிட்டு வந்துவிடும். கேட்கிற நமக்கு மகாம் மாறியது மட்டும் தெரியும், கை போனது தெரியாது.

மகாம் என்றால் ஏறக்குறைய ராகம்தான். ஹிஜாஸ் கேட்டால் முதல் நாலு சுரம் அப்படியே மாயாமாளவகௌளை. குர்த் கேட்டால் தோடியின் சுரங்கள், நம் கமகம் இல்லாமல். ஆனால் பயாத்தி வரும்போதுதான் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். அதில் ரிஷபம் சுத்தமும் இல்லை, சதுச்ருதியும் இல்லை, இரண்டுக்கும் நடுவே அசையாமல் நிற்கும். முதல் வாரம் எனக்கு அபஸ்வரமாகவே பட்டது. இப்போது அந்த இடத்தில் ரிஷபம் இல்லாவிட்டால்தான் காது உறுத்துகிறது. ஒருவர் தாளம் இல்லாமல் தனியாக மகாமை விரிப்பதைத் தக்ஸீம் என்கிறார்கள். ஆலாபனைதான், ஆனால் குறுகியது. ஒரு நல்ல பிடி வந்து நிற்கும்போது மேஜைகளிலிருந்து "அல்லாஹ்!" என்று ஒரு குரல் எழும். தொழுகையில் சொல்வது போல அல்ல, நம் ஆட்கள் "ஆஹா", "பலே" என்று சொல்வது போல.

ஆட்டம் நீங்கள் நினைக்கிறபடி கண்டபடி குலுக்குவது இல்லை. கச்சேரிக்கு இருப்பது போல இதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் அவள் மேடைக்கு வருவதற்கென்றே தாளமும் மகாமும் மாறி மாறி வருகிற ஒரு உருப்படி. பிறகு பழைய பாட்டு ஒன்று, நிதானமாக. பிறகு பலதி. இது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அக்கார்டியன்காரர் தாளமே இல்லாமல் மெதுவாக ஆரம்பிப்பார். (அந்த அக்கார்டியனுக்கு உள்ளே இருக்கும் உலோக நாக்குகளைச் சுரண்டிச் சுரண்டி நடுச் சுரங்களைக் கொண்டு வந்திருக்கிறார்கள்.) அவர் ஒரு பிடி பிடித்து நிறுத்துவார், தப்லா இரண்டு அடியில் பதில் சொல்லும். இன்னொரு பிடி, இன்னொரு பதில். ஆட்டக்காரி இருந்த இடத்தை விட்டு நகரமாட்டாள். அப்புறம் தாளம் மெல்ல உட்கார்ந்து, காலம் ஏறி, ஓட்டமாகப் போய் முடியும். கடைசியில் தப்லா மட்டும் தனி ஆவர்த்தனம், அவள் இடுப்பும் அவர் விரலும் மட்டும்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் அவள் தாளத்துக்கு ஆடுகிறாள் என்று நினைக்கிறார்கள். எனக்கு மானிட்டர் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும், தப்லாக்காரர் அவள் முதுகிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அவள் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்து அடுத்த தும் எங்கே விழவேண்டும் என்று முடிவு செய்கிறார். இப்போது ஆடுகிறவள் உக்ரைன் பெண். கெய்ரோவுக்குப் போய்க் கற்றுக்கொண்டவள், நன்றாகவே ஆடுகிறாள். வந்த புதிதில், பென் டிரைவில் பதிவு செய்த பாட்டுக்கே ஆடிப் பழகியிருந்ததால், எந்த இடத்தில் எது வருமோ என்று மிரண்டு மிரண்டு ஆடினாள். "நீ எங்களைத் தேடாதே, நாங்கள் உன் பின்னால் வருகிறோம்" என்று கானூன்காரர் சொன்னபிறகுதான் முகம் தெளிந்தது.

பதிவு செய்த பாட்டுதான் இவர்களுக்கு எமன். பாலைவன சஃபாரிக் கூடாரங்களில் பெரும்பாலும் அதுதான். அதுவும் இல்லாவிட்டால் ஒரே ஒரு கீபோர்டு. அதில் சுவிட்சைத் தட்டினால் நடுச் சுரமும் வருகிறது, தப்லா, ரிக், வயலின் கூட்டம் எல்லாமே வருகிறது. ஐந்து பேர் சம்பளம் மிச்சம். கானூன்காரருக்குக் கீபோர்டைக் கண்டாலே ஆகாது. 1932-இல் கெய்ரோவில் அரசர் ஃபுவாத் காலத்தில் அரபு இசை மாநாடு ஒன்று நடந்தது, ஹங்கேரியிலிருந்து இசையமைப்பாளர் பார்டோக் எல்லாம் வந்திருந்தார், பியானோவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அப்போதே சண்டை போட்டார்கள் என்று சொல்லிவிட்டு, "இன்னும் தீரவில்லை பார்" என்று கீபோர்டைக் காட்டுவார். நான் வாயைத் திறப்பதில்லை. கீபோர்டுக்கும் நான்தான் வயர் சொருகவேண்டும்.

போன மாதம் ஒரு ராத்திரி. மூலையில் வயதான எகிப்து தம்பதி, பேரன் பேத்திகளோடு. பெரியவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினார், எகிப்தின் பெரிய பாடகி உம்மு குல்தூமின் 'அல்ஃப் லைலா வ லைலா'. 1969-இல் பலீக் ஹம்தி இசையமைத்தது. அந்த அம்மா பாடினால் ஒரு பாட்டே ஒரு மணி நேரம் போகுமாம். வியாழக்கிழமைக் கச்சேரியை வானொலியில் ஊரே கேட்குமாம். ஆட்டத்துக்கு அதன் முன்னிசையில் ஒரு துண்டு மட்டும்தான் எடுப்பார்கள். அன்று அந்தத் துண்டு முடிந்தும் கானூன்காரர் நிறுத்தவில்லை. தக்ஸீமுக்குள் போய்விட்டார். ஊத்காரர் ஆதார சுரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்குப் புத்தி உண்டு. ஆடாமல், கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி அவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் திரும்பியதும் எல்லா மேஜையும் அவரைப் பார்த்தது. நான் மற்ற மைக்குகளைக் குறைத்துவிட்டு கானூனை மட்டும் தூக்கினேன். பெரியவர் ஒரு முறை அல்ல, பிடிக்குப் பிடி "அல்லாஹ், அல்லாஹ்" என்றார். அந்த அம்மாள் முந்தானை மாதிரி இருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் மேனேஜர் வந்து என்னிடம் சத்தம் போட்டார். அவ்வளவு நேரமும் ஒரு மேஜையிலிருந்துகூட ஆர்டர் வரவில்லையாம்.

கல்யாண வீட்டில் நீங்கள் தோடியை எடுத்து நாலு சங்கதி போடுவதற்குள் ஜனங்கள் பந்திக்கு எழுந்து போவதும், தாலி கட்டும் நேரத்தில் மட்டும் யாரோ விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்துவதும் எனக்கு மறக்குமா? தவில் எனக்கு வேண்டாம் என்று சவுண்டு படிக்கப் போனதே அந்த விரலைப் பார்த்துத்தான். இங்கே வந்தால் அதே விரல், வேறு பாஷையில்.

தப்லாக்காரரின் குடும்பம் கெய்ரோவில் முகமது அலி தெருவைச் சேர்ந்தது. ஊத் செய்கிறவர்கள், வாத்தியக்காரர்கள், கல்யாணத்துக்கு ஆடப்போகிற பெண்கள் எல்லாரும் தலைமுறையாக அங்கேதான் குடியிருந்தார்கள். 1926-இல் பதியா மசாப்னி என்ற அம்மாள் கெய்ரோவில் அரங்கு தொடங்கியபிறகு ஆட்டம் பெரிய மேடைக்கும் சினிமாவுக்கும் போயிற்று. தஹியா காரியோக்கா, சாமியா கமால் என்று பெரிய பெயர்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான். ஆனால் இந்தத் தப்லாக்காரரின் பாட்டியும் ஆடியவர், அதை ஊரில் சொல்லமாட்டாராம். என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார். நான் என்ன சொல்வேன்? ஆட்டக்காரர்களைச் சின்ன மேளம், நாயனக்காரர்களைப் பெரிய மேளம் என்று நம் தெருவில் பிரித்துப் பேசியதையும், சதிருக்குப் பின்னால் தாளம் போட்டபடி நின்ற நட்டுவனார்களைப் பற்றி அப்பாயி சொன்னதையும், 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தபிறகு அந்தப் பேச்சே வீட்டில் எடுக்கக்கூடாது என்று ஆனதையும் எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் சொன்னேன். பாதி புரிந்திருக்கும். நிறைய நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு என்ன பேர் கிடைத்ததோ அதைத்தான் டீக்கடையில் எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் சொல்லட்டும். நீங்கள் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ராகம் தெரிந்த நீங்கள் அந்த கானூனை ஒரு தரம் கேட்டுவிட்டுப் பிறகு திட்டுங்கள். தங்கச்சியின் போனுக்குப் பதிவு அனுப்பியிருக்கிறேன். எக்கோ கொஞ்சம் அதிகமாக இருக்கும், இவர்களுக்கு அது எவ்வளவு போட்டாலும் போதாது.

ரமலானில் ஆட்டம் கிடையாது. அந்த மாதம் கூடாரங்களில் ஊத்தும் கானூனும் மட்டும் தணிவாக வாசிப்பார்கள். மற்றவர்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். அது முடிந்ததும் கல்யாண சீசன். எகிப்துக்காரர் கல்யாணத்தில் ஹோட்டல் வாசலிலிருந்து மாப்பிள்ளையையும் பெண்ணையும் மேளத்தோடு அழைத்து வருவதற்கு ஸஃபா என்று பேர். அதில்தான் மிஸ்மாரைப் பார்த்தேன். நம் நாயனத்தின் சித்தப்பா பிள்ளை, அப்பா! நீளம் குறைவு, சத்தம் குறைவில்லை. மூன்று பேர் ஊதினால் ஒருவர் ஒத்துப் பிடிக்கிறார், மூச்சு விடாமல். கூடவே தோளில் மாட்டிய இருமுக மேளம், ஒரு கையில் கனத்த கோல், மறுகையில் மெல்லிய குச்சி.

மிஸ்மார்க்காரர் லுக்ஸர் பக்கத்துக் கிராமத்து ஆள். உங்கள் வீடியோவைக் காட்டினேன், கும்பாபிஷேகத்தில் எடுத்தது. அவர்கள் சீவாளியை முழுசாக வாய்க்குள் விட்டு, ஒரு தகட்டில் உதட்டை அழுத்திக்கொண்டு ஊதுகிறார்கள். நீங்கள் உதட்டாலேயே பிடித்துச் சுரத்தை வளைப்பதைப் பார்த்துவிட்டு, அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். உங்களுக்கு எத்தனை வயது என்று கேட்டார். நரசிங்கம்பேட்டையில் செய்த நாயனம், ஆச்சா மரம் என்று சொன்னேன். ஒரு தடவை ஊதிப் பார்க்கவேண்டுமாம்.

தெற்குத் தெரு மூர்த்தி அண்ணன் மகன் அடுத்த மாதம் இங்கே வருகிறான். பரணில் இருக்கிற பழைய திமிரி நாயனத்தைக் கொடுத்தனுப்ப முடியுமா? சீவாளி நாலைந்து சேர்த்து வையுங்கள், பழகினதாக இருந்தால் நல்லது. புதுசைக் கொடுத்தால் இவர் ஒரே மூச்சில் கிழித்துவிடுவார். கொடுக்க மனமில்லை என்றால் அதையாவது போன் எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்