கண்காட்சி மாடலுக்கு டிரான்ஸ்பார்மர் இல்லாத சர்க்யூட் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செய்யும் பிள்ளைகள் பேட்டரிக்குப் பதிலாக வீட்டு மின்சாரத்தையே டிசி ஆக்கிக்கொள்ள விரும்புகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் செலவு குறைவு என்று சிலர் எடுப்பது, மலிவான எல்இடி பல்புகளுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாத சர்க்யூட்டை. '105ஜே 400 வோல்ட்' என்று எழுதிய 1 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, டயோடு நான்கு, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஜீனர் டயோடு ஒன்று, அவ்வளவுதான். மல்டிமீட்டரும் 12 வோல்ட்தான் காட்டும். ஏமாறுவது அங்கேதான். மீட்டர் காட்டுவது இரண்டு ஒயர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். அதே ஒயருக்கும் தரைக்கும் நடுவே உச்சத்தில் 325 வோல்ட் வரை வரலாம்.

'அந்தக் கெப்பாசிட்டர் 70 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது' என்பார்கள். மின்கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டித்து உயிர் காக்க வைக்கும் ஆர்சிசிபியோ 30 மில்லி ஆம்பியரிலேயே டிரிப் ஆகிவிடும். அதோடு, டூ பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் கெப்பாசிட்டர் இல்லாத பக்கம் வழியாக பேஸ் நேரே வந்துவிடும். மூடிய பல்புக்குள் அது இருக்கட்டும்; கை தொடும் மாடலில் கூடாது.

5 வோல்ட், அரை ஆம்பியர் போதுமென்றால் 0-9 வோல்ட், 1 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். அடுத்து வரும் கெப்பாசிட்டர், ஏசி உச்சத்தைத் தொடும்போது மட்டும் துண்டுதுண்டாக மின்னோட்டம் இழுப்பதால், அரை ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் சூடேறிவிடும். எந்தப் பக்கம் 230 வோல்ட் என்று சந்தேகம் வந்தால் ஓம் பார்க்கவும். அதிகம் காட்டுவதே பிரைமரி, அதாவது 230 வோல்ட் பக்கம். மாற்றிக் கொடுத்தால் எரிந்துபோகும். பிரைமரியின் பேஸ் ஒயரில் 250 மில்லி ஆம்பியர் பியூஸ் அவசியம்.

செகண்டரியில், அதாவது 9 வோல்ட் பக்கத்தில், 1என்4007 டயோடு நான்கைப் பிரிட்ஜாகக் கட்டி, 2200 மைக்ரோபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் போடவும். 9 வோல்ட் ஏசியின் உச்சம் 12.7, டயோடுகள் 1.4 எடுத்துக்கொள்ள 11.3 மிஞ்சும். இங்கே 1000 மைக்ரோபாரட் போதாது. அரை ஆம்பியரில் சிற்றலை (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) 5 வோல்ட் ஆகி, அடிமட்டம் 6.3-க்கு இறங்கிவிடும். அடுத்து வரும் 7805, அதாவது 5 வோல்ட்டாக நிலைநிறுத்தும் ஐசிக்கு, இன்புட்டில் குறைந்தது 7 வோல்ட் வேண்டும். ஸ்பீக்கர் 'ஊம்' என்று முனகுவதும், போர்டு தானாக ரீசெட் ஆவதும் பெரும்பாலும் இதனால்தான். கெப்பாசிட்டரில் கோடு உள்ள கால் நெகட்டிவ்; மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

7805-இன் எழுத்து நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடது இன்புட், நடு கிரவுண்ட், வலது அவுட்புட். அரை ஆம்பியரில் சுமார் 3 வாட் சூடாக வெளியேறும். ஹீட் சிங்க் என்ற சூடு தணிக்கும் தகடு இல்லையேல் தானே அணைந்துவிடும். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால் இந்தச் சூடு 5 வாட்டைத் தொடும்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்றால், பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் உள்ள போன் சார்ஜரே போதும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாடலை மேசையில் வைக்கும் முன், பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர் சார்ஜ் இறங்கியபின், மீட்டரை டயோடு ரேஞ்சில் வையுங்கள். சிவப்பு முனை டிசி நெகட்டிவில், கறுப்பு முனை பிளக்கின் ஒவ்வொரு பின்னிலும். டிரான்ஸ்பார்மர் உள்ளதென்றால் இரண்டிலும் இணைப்பு இல்லை என்று காட்டும் ஓஎல்தான் வரும். ஒன்றிலாவது 500, 600 என்று எண் வந்தால், அந்த மாடலுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
மின்னணுவியல் பயிற்றுநர்,
திருச்சி.