வியன்னாவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. மேசைமேல்தான் இருக்கிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் வேலை நேரம் வந்துவிடுகிறது. கோபித்துக்கொள்ளாதே. நான் நலம். வேலைக்கு இப்போது நடந்தே போய்வருகிறேன், உடம்புக்கு நல்லது.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். நடனம் கற்றுக்கொள்கிறேன். அத்தானிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல்.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? நான் அறைக்குள் நடந்தால் கீழிருந்து கம்பால் கூரையைத் தட்டுவாரே, அவர்தான் ஆசிரியை. சத்தத்துக்காகத் தட்டுகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கப் போனேன். "சத்தம் பரவாயில்லை, ஒரு காலில் மட்டும் பாரம் போட்டு நடக்கிறாய், தாளம் தப்புகிறது" என்றார். முப்பது வருடம் நடனப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவராம்.

முதலில் வால்ட்ஸ். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே ஆட வேண்டும். ஒன்றில் அடி நீளும், பிறகு உடம்பு மெல்ல எழுந்து மூன்றின் முடிவில் இறங்கும். மெதுவான வால்ட்ஸில் நிமிடத்துக்கு 30 முறை இந்த மூன்றெண்ணிக்கை வரும். இந்த ஊர் வால்ட்ஸில் ஏறக்குறைய 60. எழவும் இறங்கவும் நேரமே கிடையாது, சுழன்றபடி போய்க்கொண்டே இருக்க வேண்டும். இடப்பக்கமாகச் சுழல்வதுதான் மிகக் கடினம். ஒபேரா அரங்கின் நடன விழாவைத் தொடங்கிவைக்கும் இளம் ஜோடிகளுக்கு அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் இங்கே 400க்கும் மேற்பட்ட நடன விழாக்கள் நடக்கின்றன. "ஆலஸ் வால்ட்ஸர்!" (எல்லோரும் வால்ட்ஸ் ஆடலாம்) என்று ஒரு குரல் எழுந்ததும் கூட்டம் முழுவதும் தளத்தில் இறங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். பாட்டி ஒரு விழாவுக்குக் கூப்பிட்டார். நன்றாகப் பழகிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பாட்டியின் நடனக் காலணிகளை நீ பார்க்க வேண்டும். அடிப்பாகம் மெத்தென்ற தோல். தூசி படிந்தால் வழுக்கும் என்று, ஆடுவதற்கு முன் கம்பி பிரஷால் அதைத் தேய்த்துத் தேய்த்து நாரெழுப்புவார். நான் காலுறையோடு ஆடுகிறேன். மரத்தரைக்கு அதுவே போதும்.

ஃபாக்ஸ்ட்ராட் என்ற இன்னொரு ஜோடி நடனத்தை இரண்டு வாரம்தான் பார்த்தோம். அடுத்த நடனமான டாங்கோ வந்ததும் பாட்டியின் முகமே மாறிவிட்டது. அதில் எழுவதும் இறங்குவதும் கிடையாது. முழங்காலைத் தளர்த்தி, தரையை விடாமல் பூனைபோல நடக்க வேண்டும். போட்டிகளில் ஆடுவது வெட்டி வெட்டித் திரும்பும் டாங்கோ. புவெனஸ் ஐரிஸில் பிறந்ததோ மார்போடு மார்பு சேர்ந்து, அடுத்த அடியை அந்தந்த நொடியில் தீர்மானித்து ஆடுவது. 2009இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஆட அழைப்பது கண்ணால்தான். அறையின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பார்கள். சம்மதமானால் தலையசைப்பு, இல்லையென்றால் பார்வையைத் திருப்பிக்கொண்டால் போதும். யாருக்கும் தலைகுனிவு இல்லை. இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சா-சா-சா என்ற நடனம் கியூபாவிலிருந்து வந்தது. 1950களின் தொடக்கத்தில் என்ரிக்கே ஹோரின் என்ற வயலின் கலைஞர் உருவாக்கிய இசை அது. ஆடுபவர்களின் கால்கள் தரையில் உரசிய ஓசையே அதற்குப் பெயராயிற்று. இளைஞர்கள் கூடும் இடங்களில் சால்சா என்ற நடனம்தான். எட்டு எண்ணிக்கையில் நான்கிலும் எட்டிலும் அடி வைக்காமல் நிற்க வேண்டும். ஜோடி இல்லாமல் தனியாகவே போகலாம், பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறும் என்று பாட்டி சொல்கிறார்.

வால்ட்ஸில் என் வலது கை பாட்டியின் தோள்பட்டை எலும்பின்மேல் இருக்க வேண்டும். அவருடைய இடது கை என் தோளுக்குச் சற்றுக் கீழே. முதல் நாள் அந்தக் கை பட்டதும் எண்ணிக்கை மறந்து நின்றுவிட்டேன். விமான நிலையத்தில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே, அதற்குப் பிறகு எட்டு மாதமாக என்னை யாரும் தொட்டதில்லை, அக்கா. பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. கையை எடுக்காமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தை விட்டுவிடு.

அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். பணம் இந்த மாதம் பத்து நாள் தாமதமாக வரும், சம்பளத் தேதி மாறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. அதுவரை அத்தானிடம் வாங்கிக்கொள், நான் அவருக்குத் தனியாக எழுதுகிறேன். பெரியப்பா கொண்டுவந்த பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அப்பா கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம். எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து அனுப்பு. போன முறை அனுப்பியதில் கடைசிப் பக்கம் மங்கலாக இருந்தது, கிணற்றுப் பங்கு யாருக்கு என்று படிக்கவே முடியவில்லை.

அன்புடன்,
உன் தம்பி