கிச்சன மாத்தப் போற மகளுக்கு

கண்ணு,

நேத்து ராத்திரி நீ போன்ல சொன்னதுல இருந்து அதே நெனப்பாதான் இருக்கேன். கிச்சன் முழுசையும் நாங்களே பண்ணிக்கப் போறோம்பா, பத்து நாள் லீவு போட்டாச்சு, சனிக்கிழம காலைல பழைய மேடைய ஒடைக்க ஆரம்பிக்கறோம்னு நீ சொன்னப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, அதே நேரம் வயித்தக் கலக்கவும் செஞ்சுச்சு. போன்ல சொன்னா நீ "சரிப்பா சரிப்பா"ன்னுடுவ, அதான் உக்காந்து எழுதறேன். முழுசா படிச்சிட்டு அப்பறமா சுத்தியல எடு.

மொதல்ல அம்மா கதை. நீ வீட்ல இருந்தவரைக்கும் நம்ம அடுப்புக்கு முன்னாடி தரைல ஒரு பலகை கெடக்குமே, ஞாபகம் இருக்கா? நடுவுல ரெண்டு குதிகால் எடம் மட்டும் தேஞ்சு வழவழன்னு பள்ளமா இருக்கும். நாம எல்லாரும் அதத் தாண்டித் தாண்டி போவோம், ஒருத்தரும் அது எதுக்குன்னு கேட்டதில்ல. மேடை 90 சென்டிமீட்டர் உயரம், அம்மா உயரம் 150. பலகை மேல ஏறி நின்னாதான் அவளுக்கு சட்டிக்குள்ள என்ன இருக்குன்னே தெரியும். அத்தன வருஷமா தோள்பட்டைய தூக்கித் தூக்கியே நறுக்கிருக்கா, தோள் வலிக்குதுன்னு சொன்னப்பல்லாம் நான் தைலம் வாங்கிக் குடுத்தேனே தவிர மேடைய ஒரு தடவகூட அளந்து பாக்கல. அது எனக்கு இன்னிக்கும் உறுத்துது.

அதனால உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், மத்த எல்லாம் அதுக்கு அப்பறம். டிசைன் படம், டைல்ஸ் கலர் எல்லாம் பாக்கறதுக்கு முன்னாடி உன் ஒடம்ப அள. செருப்போட சமைப்பியா வெறுங்காலோட சமைப்பியா, எப்படி நிப்பியோ அப்படி நின்னு முழங்கைய மடக்கு, தரைலேந்து முழங்கை வரைக்கும் மாப்பிள்ளைய டேப் புடிச்சு அளக்கச் சொல்லு. அதுல 10லேந்து 15 சென்டிமீட்டர் கழிச்சா நறுக்கற எடத்தோட உயரம். நீ போனதுக்கு அப்பறம் நம்ம கிச்சன மாத்தினப்ப அம்மாவுக்கு முழங்கை 94 வந்துச்சு, மேடைய 82ல வச்சோம். கடைல ரெடியா வர்ற கப்போர்ட் எல்லாம் மேல கல்லோட சேத்து 85லேந்து 90க்குள்ள வரும், அது யாருக்கும் குறிப்பா செஞ்சது இல்ல. அடிக்கால் திருகற மாதிரி இருக்கும், ஏத்தி எறக்கிக்கலாம், பயப்படாத. அடுப்பு இருக்கற எடம் இன்னும் கொஞ்சம் எறங்கினாகூட நல்லது, ஏன்னா அடுப்பும் சட்டியும் சேந்து உயரம் கூடிடும். சிங்க் அதுக்கு நேர் எதிர், அதோட அடி மேடைய விட 18, 20 சென்டிமீட்டர் கீழ போயிடுது, குனிஞ்சு குனிஞ்சே முதுகு போயிடும், அதனால சிங்க் பக்கம் மட்டும் 5 சென்டிமீட்டர் ஒசத்தினேன். பாக்க ஒரு படி மாதிரி இருக்கும், வர்றவங்க எல்லாம் ஏன் இப்படின்னு கேக்கறாங்க, கேக்கட்டும்.

உன்ன விட மாப்பிள்ளை ஒரு அடி உசரம், அதையும் யோசி. யாரு அதிகமா நறுக்கறீங்களோ அவங்களுக்கு மேடை, யாரு பாத்திரம் கழுவறீங்களோ அவங்களுக்கு சிங்க். சண்ட போடாம முடிவு பண்ணுங்க.

அப்பறம் நடை. 1926ல ஜெர்மனில ஃப்ராங்க்ஃபர்ட்ல மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கின்னு ஒரு அம்மா ஒரு சமையலறை வரைஞ்சாங்க, 1.9 மீட்டர் அகலம் 3.4 மீட்டர் நீளம், அவ்வளவுதான். ரயில்ல சாப்பாடு செய்ற பொட்டிய பாத்து, எந்த வேலைக்கு எத்தன அடி நடக்கணும், எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கணக்கு பாத்து வரைஞ்சது. சுமார் 10,000 வீட்ல அத அப்படியே கட்டினாங்க. இன்னிக்கு நாம பாக்கற மாடுலர் கிச்சன் எல்லாத்துக்கும் ஆரம்பம் அதுன்னு சொல்வாங்க. அதப் படிச்சிட்டு நான் ஒரு நாள் பூரா அம்மா பின்னாடி ஒரு நோட்டோட உக்காந்து அவ எங்கேந்து எங்க போறான்னு கோடு போட்டேன். சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவுலதான் கோடு கறுப்பா ஆயிடுச்சு, ஃப்ரிட்ஜ் பக்கம் ரெண்டு மூணு கோடுதான். அந்த நோட்டு மட்டும் இல்லன்னா நான் ஃப்ரிட்ஜ்ஜ அடுப்புக்கு பக்கத்துல வச்சு, சிங்க்க தள்ளிப் போட்டிருப்பேன். நீயும் ஒரு நாள் இத செஞ்சு பாரு. சிங்க், அடுப்பு, ஃப்ரிட்ஜ் மூணுக்கும் நடுவுல ஒவ்வொரு பக்கமும் 4 அடிக்கு கொறையாம 9 அடிக்கு மேல போகாம இருந்தா கை ஓடும். ஆனா ஃப்ராங்க்ஃபர்ட் கிச்சன்ல ஒரு கொற, ஒருத்தர்தான் நிக்க முடியும். நீங்க ரெண்டு பேரும் சேந்து சமைக்கறவங்க, நடுவுல 120 சென்டிமீட்டர் வழி விடு, அவ்வளவு எடமில்லன்னா 105ஆவது இருக்கணும், ஒருத்தர் அடுப்புல நிக்கறப்ப இன்னொருத்தர் ட்ராயர இழுத்தா இடிக்கக் கூடாது. பேப்பர்ல வரைஞ்சது போதாது கண்ணு, தரைல பெயிண்டர் ஒட்ற டேப்ப வச்சு கப்போர்ட் அளவுக்கு கோடு போட்டு ரெண்டு நாள் அதுக்குள்ளேயே நடந்து பாருங்க.

சுவர நம்பாத. எந்த வீட்லயும் மூலை நேரா இருக்காது. மூலைலேந்து ஒரு சுவர்ல 90 சென்டிமீட்டர், இன்னொரு சுவர்ல 120ல புள்ளி வச்சு ரெண்டு புள்ளிக்கும் குறுக்க அள, சரியா 150 வந்தா மூலமட்டம் சரி. நமக்கு 151.5 வந்துச்சு. ஒண்ணரை சென்டிமீட்டர் தானேன்னு விட்டுருந்தா 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள கப்போர்ட் பின்னாடி சுவர ஒட்டிக்கிட்டு முன்னாடி ஒரு சென்டிமீட்டருக்கு மேல வாயத் தொறந்துட்டு நிக்கும். அதுக்குத்தான் மூலைல ஒரு ஃபில்லர் பட்டை விடறது, அது இருந்தாதான் மூலை ட்ராயரோட கைப்பிடியும் பக்கத்துல இடிக்காது. ஒவ்வொரு சுவரையும் கீழ, நடுவுல, மேலன்னு மூணு எடத்துல அளந்து சின்ன அளவ எடுத்துக்கோ.

இப்ப கண்டிப்பா கேக்க வேண்டியது. மூணு வேலைய நீ தொடக் கூடாது. கேஸ் லைன், புது வயரிங், கல்லு வெட்டறது. சிலிண்டர் கேஸ் காத்த விட கனம், கசிஞ்சா தரையோட படிஞ்சு நிக்கும், மேல நிக்கற உனக்கு வாசனை வர்றதுக்குள்ள கீழ தேங்கிடும். லைசன்ஸ் உள்ள ஆள் போட்டுக் குடுக்கட்டும், போட்டதுக்கு அப்பறம் சோப்புத் தண்ணிய தடவி ஒவ்வொரு இணைப்புலயும் குமிழ் வருதான்னு உன் கண்ணு முன்னாடி பாக்கச் சொல்லு. வயரிங்ல ஃப்ரிட்ஜ், ஓவன், மைக்ரோவேவ் எல்லாத்துக்கும் தனித்தனி லைன் கேளு, கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கற பிரேக்கர் வேணும்னு கேளு, ப்ளக் பாயிண்ட் எங்கெங்க வேணும்னு மட்டும் நீ சாக்பீஸால சுவர்ல குறி. அடுப்புக்கு மேலயும் சிங்க்குக்கு மேலயும் வேண்டாம்.

கல்லு விஷயம் நெறைய பேருக்கு தெரியல. குவார்ட்ஸ்னு விக்கற செயற்கைக் கல்லுல 90 சதவீதத்துக்கு மேலகூட சிலிக்கா இருக்கும். அத காய்ஞ்சபடியே வெட்டினா வர்ற தூசி கண்ணுக்கே தெரியாத அளவு சன்னம், நொரையீரல்ல போய் படிஞ்சு சிலிக்கோசிஸ் வரும், வந்தா திரும்ப சரியாக்க முடியாது. கல்லு வெட்டற எளவயசுப் பசங்களுக்கே வந்து, 2024 ஜூலை 1லேந்து ஆஸ்திரேலியால அந்தக் கல்லையே தட பண்ணிட்டாங்க. நீ எந்தக் கல்லு வாங்கினாலும், அளவு எடுத்துட்டுப் போய் பட்டறைலயே தண்ணி விட்டு வெட்டி, சிங்க் ஓட்டையும் போட்டுக் கொண்டு வரச் சொல்லு. வீட்டுக்குள்ள கட்டிங் மெஷின வைக்க விடாத, வெட்டறவனும் ஒரு வீட்டுப் புள்ளதான். அதே மாதிரி உங்க வீடு பழைய வீடுன்னா தரைல ஒட்டின பழைய வினைல் ஷீட்ட உரிக்கறதுக்கும் பழைய பெயிண்ட்ட தேய்க்கறதுக்கும் முன்னாடி டெஸ்ட் பண்ணு, ஷீட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பெயிண்ட்ல ஈயம்.

மத்ததெல்லாம் நீ தாராளமா பண்ணலாம். ஒடைக்கறதுக்கு முன்னாடி மெயின் வால்வ மூடு, மெயின் சுவிட்ச்ச ஆஃப் பண்ணு, டெஸ்டர வச்சு பாத்துட்டே கை வை. பொருள் எல்லாம் வீட்டுக்கு வந்து எறங்கின பிறகு ஒடை. சிங்க் வரல, கீல் வரலன்னு காத்துக் கெடக்கறதுலதான் பாதி நாள் போகும். பத்து நாள்னு சொல்ற, எங்களுக்கு அஞ்சு வாரம் ஆச்சு. வேற ரூம்ல ஜன்னல் ஓரமா ஒரு மின்சார அடுப்பும் ரெண்டு பக்கெட்டும் வச்சு ஒரு குட்டி அடுப்படிய மொதல்லயே தயார் பண்ணிக்கோ, பசியோட வேல பாத்தா ரெண்டு பேருக்கும் கோவம்தான் வரும். கைல இருக்கற பணத்துல அஞ்சுல ஒரு பங்க ஒதுக்கி வச்சிட்டு மிச்சத்துக்கு திட்டம் போடு, சுவருக்குள்ள என்ன இருக்கும்னு ஒடைச்சாத்தான் தெரியும்.

குழாய் வேலைல நான் பட்டத சொல்றேன். நமக்கு பைப் மாத்த வந்த ஆளு, டெஸ்ட்டெல்லாம் வேண்டாம் சார், முப்பது வருஷமா பண்றேன்னுட்டு பூசிட்டுப் போயிட்டாரு. நானும் விட்டுட்டேன். டைல்ஸ் ஒட்டி நாலாவது நாள் சிங்க்குக்குக் கீழ கிரவுட் கோடு, அதான் டைலுக்கு நடுவுல இடுக்க அடைக்கற பூச்சு, ஒண்ணு மட்டும் கறுத்துப் போயிருந்துச்சு. தொட்டுப் பாத்தா ஈரம். நாலு டைல ஒடைச்சோம், உள்ள பைப்பும் பைப்பும் சேர்ற ஒரு முட்டு சரியா ஒட்டவே இல்ல. அதனால நீ பைப்ல தண்ணிய ஏத்தி, வாய மூடி, ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விடு, காலைல ஒவ்வொரு முட்டையும் டிஷ்யூ பேப்பரால ஒத்திப் பாத்துட்டு அப்பறம் பூசு. பூசறதுக்கு முன்னாடி சுவர் தெறந்திருக்கறப்ப டேப்ப பக்கத்துல புடிச்சு போட்டோ எடுத்து வை, எந்த பைப் எங்க போகுதுன்னு பின்னாடி டிரில் போடறப்ப தெரியும். கழிவு பைப்புக்கு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சாய்வு குடு. சிங்க்குக்கு அடில பி-ட்ராப் வளைவுல நிக்கற தண்ணிதான் சாக்கடை நாத்தத்த மேல வராம தடுக்குது, எடம் பத்தலன்னு நேர் பைப் போட்டுடாத.

கப்போர்ட் மாட்டறப்ப மேல் வரிசைய மொதல்ல மாட்டு, கீழ மேடை இல்லாதப்ப கிட்ட நின்னு தூக்க முடியும். மேடைக்கும் அதுக்கும் நடுவுல 45லேந்து 60 சென்டிமீட்டர் விடு. கீழ் வரிசைக்கு தரைல எங்க மேடு அதிகம்னு ரசமட்டம் வச்சு கண்டுபுடிச்சு, அங்கேந்து ஆரம்பி, மத்த எடத்துல ஏத்திக்கலாம், மேட்ட எறக்க முடியாது. நம்ம கிச்சன்ல திருகு கால் இல்லாத பழைய மாதிரி பொட்டிதான் செஞ்சேன், ஏத்தறதுக்கு ஆப்பு வேணும். அம்மா போய் அந்தப் பலகைய எடுத்துட்டு வந்து என் கைல குடுத்தா. "இனிமே எதுக்கு, இத அறுத்துக்கோங்க"ன்னா. அந்தத் தேஞ்ச பள்ளத்தோட சரிவே ஆப்புக்கு தோதா இருந்துச்சு. பதினோரு ஆப்பு வந்துச்சு கண்ணு. இப்பவும் மேடைக்கு அடில அதுதான் தாங்கிட்டு நிக்குது.

சிங்க்குக்கு கீழ உள்ள பொட்டி மட்டும் மெரைன் ப்ளைவுட்ல இருக்கட்டும், மரத்தூள அழுத்திச் செய்ற பார்ட்டிகிள் போர்டு ஒரு தடவ நனைஞ்சா பன்னு மாதிரி உப்பிடும். கீழ கதவு போட்டு ஷெல்ஃப் வைக்கறத விட முழுசா வெளிய வர்ற ட்ராயரா போடு, உள்ளாற கெடக்கறத எடுக்க மண்டி போட வேண்டாம். இதுக்கு செலவு கூடத்தான், பரவால்ல.

டைல்ஸ்தான் எனக்கு ரொம்பப் புடிச்ச வேல. பத்து சதவீதம் கூட வாங்கு, எல்லா பொட்டிலயும் ஒரே பேட்ச் நம்பரான்னு பாரு. முதல் வரிசைய மேடைய நம்பி வைக்காத, ஒரு நேர்க்கட்டைய மட்டம் பாத்து சுவர்ல அடிச்சு அதுக்கு மேல ஆரம்பி. பசைய பல் கரண்டியால ஒரே தெசைல சீவு, வட்டமா சுத்தினா காத்து உள்ளயே நின்னுடும். நாலஞ்சு டைலுக்கு ஒரு தடவ ஒண்ண பேத்து முதுகப் பாரு, பசை முழுசா புடிச்சிருக்கணும், வெறும் கோடு கோடா இருந்தா இன்னும் அழுத்தணும். 24 மணி நேரம் கழிச்சு கிரவுட். ஸ்பாஞ்ச்ச நல்லா புழிஞ்சு குறுக்கால தொடச்சு எடு, கோட்டோடயே தொடச்சா உள்ள இருக்கறத எடுத்துட்டு வந்துடும். மேடையும் சுவரும் சேர்ற மூலைல மட்டும் கிரவுட் போடாத, சிலிகான் போடு, ரெண்டும் வேற வேற மாதிரி அசையும், கிரவுட் வெடிச்சிடும்.

சனிக்கிழமைக்கு ஆரம்பிக்காத கண்ணு, ஒரு ரெண்டு வாரம் தள்ளிப் போடு, அளவெல்லாம் எடு. மூலைக்கு குறுக்க எவ்வளவு வந்துச்சு, தரைல மேடு எங்க இருக்கு, உன் முழங்கை எவ்வளவு, மாப்பிள்ளை முழங்கை எவ்வளவு, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. நான் வரைஞ்சு அனுப்பறேன். மேல் கப்போர்ட் மாட்டற அன்னிக்கு மூணாவது ஆள் வேணும், எந்த நாள்னு சொல்லிட்டா டிக்கெட் போட்டுடறேன், ரசமட்டத்தையும் கொண்டு வர்றேன். அம்மாவும் வர்றாளாம், உன் முழங்கைய அவதான் அளக்கணுமாம்.

அப்பா