பியான்ஸ் கோரைத் தொடும் முன்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கொலராடோவின் பியான்ஸ் படுகையிலிருந்து மீசவெர்டே மணற்கல் கோர், அதாவது கிணற்றிலிருந்து வெட்டி எடுத்த உருளைக்கல், உன் மேசைக்கு வருவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். அதோடு கொஞ்சம் கவலையும், ஏனென்றால் இந்தக் கல் எளிதில் ஏமாற்றும். இயற்கை வாயு தங்கியிருப்பது நுண்துளையில்; அது கிணற்றுக்கு வந்துசேரும் வழி விரிசல். இரண்டையும் தனித்தனியே அள. ஒரே எண்ணுக்குள் போட்டுக் கலக்காதே.

கணக்கைப் போட்டுப் பார். 50 மைக்ரான் அகல விரிசல், மீட்டருக்கு ஒன்று என்று வை. துளைமையில், அதாவது கல்லில் வெற்றிடம் இருக்கும் பங்கில், அது கூட்டுவது 0.005 சதவீதம்தான். ஊடுருவுதிறனில், அதாவது கல் வாயுவை ஓடவிடும் திறனில், சுமார் 10 மில்லிடார்சி (அத்திறனின் அலகு) கூட்டிவிடும். கல்லின் சொந்தத் திறனோ ஆழத்து அழுத்தத்தில் பெரும்பாலும் 0.01 மில்லிடார்சிக்கும் கீழே. விரிசலின் அகலம் பாதியானால் அந்த 10, 1.3 ஆகிவிடும், ஓட்டம் அகலத்தின் முப்படியோடு மாறுகிறது. சுமை நீங்கி மேலே வந்த கோரில் அளந்த அகலத்தை அதனால்தான் நம்பக் கூடாது.

கோரிலிருந்து பிளக் என்னும் சிறு உருளையை வெட்டியதும் சிடி ஸ்கேன் எடு. மயிரிழைக் கீறல் இருந்தால் அதைக் கல்லின் திறன் கணக்கில் சேர்க்காதே. 110 டிகிரி அடுப்பில் உலர்த்தினால் துளைகளில் மயிர்போல நிற்கும் இல்லைட் களிமண் துளைச் சுவரோடு படிந்துவிடும், திறன் உண்மையைவிட உயர்ந்து தெரியும். அதைவிட 60 டிகிரி, 45 சதவீத ஈரப்பதம் நல்லது. மேல்பாறைச் சுமையிலிருந்து துளை அழுத்தத்தைக் கழித்து, வரும் அழுத்தத்தில் வைத்து அள. சாதாரண அழுத்தத்தில் அளந்தால் பத்து மடங்குக்கு மேல்கூடத் தவறலாம். குறைந்த அழுத்தத்தில் வாயு துளைச் சுவரில் வழுக்கி ஓடித் திறனைக் கூட்டிக் காட்டும்; அதைத் திருத்த மூன்று நான்கு அழுத்தங்களில் அளந்துகொள். பாதரசத்தை அழுத்திக் கல்லுக்குள் செலுத்தும் சோதனையில், 400 மெகாபாஸ்கலில் எட்டும் துளைக் கழுத்தின் (துளைகளை இணைக்கும் குறுகிய வழியின்) ஆரம் சுமார் 1.8 நானோமீட்டர். தொடக்கத்திலேயே கொஞ்சம் பாதரசம் உள்ளே போனதாகக் காட்டும். அது பெரும்பாலும் பிளக்கின் மேற்பரப்புச் சொரசொரப்பு, துளை அல்ல, கழித்துவிடு.

இனி விரிசல். இங்கே அவை ஏறக்குறையச் செங்குத்தானவை. பெரும்பாலும் மேற்கு-வடமேற்குத் திசையில் ஓடி, களிப்பாறை வந்ததும் நின்றுவிடும். மீட்டருக்கு ஒன்று இருந்தாலும், 10 செ.மீ. விட்டக் கோர் எடுக்கும் செங்குத்துக் கிணறு ஒன்றைத் தொடும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். கோரில் காணவில்லை என்பதற்காக 'விரிசல் இல்லை' என்று எழுதிவிடாதே! கிணறும் விரிசலும் ஒரே திசையில் ஓடினால் எண்ணிக்கை குறைந்து தெரியும்; இந்தக் கோணப் பிழைக்கு ரூத் டெர்சாகி 1965-ல் தந்த திருத்தம் உண்டு, ஆனால் பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ரைஃபிள் ஊர்ப்பக்கம் அமெரிக்க எரிசக்தித் துறை 1980-களில் மூன்று கிணறுகளை அருகருகே தோண்டி ஆராய்ந்த பிறகும் சாய்கிணறு ஒன்று போட்டது இதற்காகத்தான்.

துளையிடும்போதே உண்டாகும் விரிசல்களைப் பிரித்துவிடு. அவை கோரின் நடு அச்சை ஒட்டி ஓடும், முகத்தில் தாது இராது, உடைந்த முகத்தில் இறகுபோல் விரியும் வரிகள் கோரின் ஓரத்திலிருந்தோ அச்சிலிருந்தோ கிளம்பும். இயற்கை விரிசலில் குவார்ட்ஸோ கால்சைட்டோ ஒட்டியிருக்கும். குவார்ட்ஸ் பாலங்கள் இடையிடையே நின்றால் விரிசல் திறந்திருக்கும்; கிழக்கு டெக்சாஸின் டிராவிஸ் பீக் மணற்கல்லில் இப்படி ஒரு விரிசல் 4.8 கோடி ஆண்டுகளாக மெல்லத் திறந்துவந்ததை அதில் சிக்கிய திரவக் குமிழிகள் காட்டின. கால்சைட் முழுக்க நிரப்பினால் வழி அடைபட்டது. ஆகவே எண்ணிக்கையை விட நிரப்பு முக்கியம், ஒவ்வொன்றிலும் கல்லை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்.

ஃப்ராக் செய்யும், அதாவது திரவத்தை அழுத்திச் செலுத்திப் பாறையைப் பிளக்கும், குழுவிடம் உன் அறிக்கை போகும்போது ஒன்றைத் தெளிவாக எழுது. திறந்த விரிசல்கள் அழுத்தம் ஏற ஏறத் திரவத்தை வேகமாகக் குடிக்கும். பிளவைத் திறந்துவைக்க அதோடு அனுப்பும் மணல் பாதியில் அடைத்து நிற்கும். முதலில் 100 மெஷ் (சல்லடை அளவு) நுண்மணலை அனுப்பி அந்தக் கசிவைக் குறைக்கலாம். மணலைச் சுமக்கும் ஜெல் கெட்டியாகவும் அதிகமாகவும் போனால் கழிவு விரிசலுக்குள் தங்கி, இருந்த வழியையும் மூடும். ஃப்ராக்குக்கு முன் சின்ன ஓட்டச் சோதனை ஒன்று கேட்டு வாங்கு. அதில் வரும் திறனை உன் பிளக் திறனோடு ஒப்பிட்டால் விரிசலின் பங்கு தெரிந்துவிடும்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா